பப்மெட், எஸ்.ஆர்.ஏ., டிபிகேப்: “எப்போது கிடைக்கும்” என்று யாராவது எழுத்தில் தருகிறார்களா?

கேள்வி | 2025 ஜூன் 9

மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டிலிருந்து ஒரு லட்சம் கட்டுரைச் சுருக்கங்களை இழுக்கும் ஸ்கிரிப்ட் பாதி வழியில் 429 (அளவுக்கு மீறிக் கேட்கிறீர்கள் என்ற பிழை) காட்டி நின்றுவிடுகிறது. மரபணு வரிசைகளின் பொதுக் களஞ்சியமான எஸ்.ஆர்.ஏ.விலிருந்து இறக்கும் கோப்புகள் ஒரு நாள் பறக்கின்றன, மறுநாள் நகர மறுக்கின்றன. கிளவுட் சேமிப்புக்காரர்கள் 99.9% நேரம் சேவை இருக்கும் என்று ஒப்பந்தம் போட்டுத் தருகிறார்கள். உயிர்மருத்துவ ஆராய்ச்சித் தரவுக்கு மட்டும் அப்படி ஓர் உத்தரவாதம் ஏன் இல்லை? பணம் கட்டினால் கிடைக்குமா?

2025 ஜூன் 9, இரவு

கிடைக்காது. பணத்தோடு போனாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

இவ்விரண்டையும் நடத்தும் அமெரிக்க அரசு மையமான என்.சி.பி.ஐ. எழுத்தில் தருவது நீங்கள் எவ்வளவு கேட்கலாம் என்ற உச்சவரம்பு மட்டும்தான். குறைந்தது இவ்வளவு தருவோம் என்ற பேச்சே இல்லை. நிரல்கள் தரவு கேட்பதற்கான வாசலான (ஏ.பி.ஐ.) ஈ-யுட்டிலிட்டீஸ் வழியாக நொடிக்கு 3 கோரிக்கை, இலவசமாக ஏ.பி.ஐ. கீ என்ற அடையாளச் சாவி எடுத்தால் நொடிக்கு 10. பெரிய வேலைகளை வார இறுதியிலோ, வார நாட்களில் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி இரவு 9 முதல் காலை 5 வரையோ ஓட்டச் சொல்கிறார்கள்.

உங்கள் 429க்குக் காரணம் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம். கீ இல்லாதபோது அந்த 3 என்பது ஐ.பி. முகவரிக்கான கணக்கு. உங்கள் நிறுவனம் முழுக்க ஒரே வெளி முகவரி வழியாகப் போனால், அடுத்த அறையில் ஓடும் ஸ்கிரிப்டும் உங்கள் கணக்கில்தான் விழும். முதலில் கீ எடுங்கள். கோரிக்கையில் உங்கள் மின்னஞ்சலையும் மென்பொருள் பெயரையும் சேருங்கள். அவை இருந்தால், தடுப்பதற்கு முன் உங்களைத் தொடர்புகொள்ள அவர்களுக்கு ஒரு வழி இருக்கும்.

2025 ஜூன் 10

ஸ்கிரிப்டைப் பார்த்தேன். ஒரு கோரிக்கைக்கு ஒரு கட்டுரை என்று போகிறது. நொடிக்கு 3 வீதம் ஒரு லட்சத்துக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு கோரிக்கையில் 200 அடையாள எண்களைச் சேர்த்து அனுப்பினால் மொத்தமே 500 கோரிக்கைதான், வரம்பு பக்கமே வராது. பப்மெட் முழுவதும் வேண்டுமென்றால் ஏ.பி.ஐ.யை விட்டுவிடுங்கள். ஆண்டுக்கொரு முறை அடிப்படைத் தொகுப்பும் அன்றாட மாற்றக் கோப்புகளும் பொதுவில் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், 429 வந்ததும் உடனே மறுபடி முட்டுவதை நிறுத்துங்கள். மரபணுத் தொகுதித் தரவைத் தரும் என்சம்பிள் தளம் இதில் ஒழுங்கானது. நொடிக்கு 15, மணிக்கு 55,000 என்று வரம்பை வெளிப்படையாகச் சொல்கிறது. தாண்டினால் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பதையும் பதிலின் தலைப்பிலேயே அனுப்புகிறது. மீதம் எவ்வளவு என்று சொல்லும் வரம்போடு வேலை செய்யலாம். மௌனமாகக் கதவைச் சாத்தும் வரம்போடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

2025 ஜூன் 12

“99.9% கூடக் கேட்கக்கூடாதா” என்று ஒருவர் சூடாகியிருக்கிறார். தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அந்த எண் என்ன வாக்குறுதி தருகிறது என்று பாருங்கள்.

30 நாள் மாதத்தில் 99.9% என்றால் 43 நிமிடம் வரை படுத்திருக்கலாம். அதைத் தாண்டினால் என்ன கிடைக்கும்? பில்லில் ஒரு பங்கு கழிவு. உங்கள் ஆய்வு தாமதமானதற்கு ஒரு காசு வராது. சேவை உத்தரவாத ஒப்பந்தம் என்பது அடிப்படையில் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு. இலவசமாகத் தரப்படும் ஒன்றில் எதைத் திருப்பித் தருவார்கள்?

நாம் வாங்கும் எண்ணும் நமக்கு வலிக்கும் இடமும் ஒன்றல்ல. என் அனுபவத்தில் சர்வர் படுத்ததால் ஒரு திட்டம் கெட்டதில்லை. கெட்ட காரணங்களைப் பிறகு எழுதுகிறேன், இப்போது நேரமில்லை.

2025 ஜூன் 15

எஸ்.ஆர்.ஏ. ஒரு நாள் பறக்கிறது, ஒரு நாள் நகரவில்லை என்ற பகுதிக்கு வருகிறேன். பெரும்பாலோர் சர்வரைத் திட்டுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது தூரத்தை.

இணையத்தில் தரவைக் கொண்டுபோகும் நெறிமுறையான டி.சி.பி. ஒரு தொகுதியை அனுப்பிவிட்டு “வந்து சேர்ந்தது” என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். பதில் வராமல் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு ஒரு சாளர அளவு உண்டு. அது 64 கிலோபைட், போய்வரும் நேரம் 250 மில்லிநொடி என்று வையுங்கள். உங்கள் கம்பி பத்து ஜிகாபிட்டாக இருந்தாலும் நொடிக்கு 2 மெகாபிட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அந்த வேகத்தில் 80 ஜிபி கோப்பு மூன்றரை நாள் எடுக்கும்.

இன்றைய இயங்குதளங்கள் சாளரத்தைத் தானே பெரிதாக்கிக்கொள்கின்றன, சரி. அப்போது அடுத்த எதிரி வரும்: பொட்டல இழப்பு, அதாவது அனுப்பிய தரவுத் துண்டு வழியில் தொலைவது. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆராய்ச்சி வலையமைப்பான ஈஎஸ்நெட் அடிக்கடி காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. பழுதான ஒரு ரூட்டர் அட்டை 22,000 பொட்டலத்துக்கு ஒன்றைத் தவறவிட்டது. சதவீதத்தில் 0.0046. பக்கத்து ஊருக்கு அனுப்பினால் தெரியவே தெரியாது. கண்டம் தாண்டும் இணைப்பில் அதே இழப்பு வேகத்தைத் தரைமட்டமாக்கிவிடும். தூரம் கூடக் கூட ஒவ்வொரு இழப்பிலிருந்தும் மீள அதிக நேரம் பிடிப்பதுதான் காரணம். ஆஸ்பெரா என்ற இறக்கும் கருவி, பதிலுக்குக் காத்திராத யூ.டி.பி. நெறிமுறையின் மேல் ஓடுவதும், மற்ற கருவிகள் ஒரே கோப்பைப் பல இழைகளாகப் பிரித்து இறக்குவதும் இதைச் சுற்றிப் போகத்தான்.

களஞ்சியம் தன் வாசல் வரை என்ன சத்தியம் செய்தாலும் நடுவழிக்கு அது பொறுப்பேற்க முடியாது.

2025 ஜூன் 15, சற்றுப் பின்

இறக்கியதும் எம்.டி.5 (கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபாருங்கள். வேகமாக வந்த உடைந்த கோப்பைவிட மெதுவாக வந்த முழுக் கோப்பு மேல். (ஜிப் பிழையை நிரல் பிழை என்று நினைத்து நாள் முழுக்கத் தேடியவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள், கை தூக்க வேண்டாம்.)

2025 ஜூன் 21

“வலையமைப்பில் முன்னுரிமை கொடுக்கும் தொழில்நுட்பம் 1998லேயே வந்துவிட்டதே, ஏன் பயன்படுத்தவில்லை?” என்ற கேள்விக்கு.

டிஃப்செர்வ் பற்றிக் கேட்கிறீர்கள். பொட்டலத்தின் நெற்றியில் “இது அவசரம்” என்று குறி போடலாம். உங்கள் நிறுவனத்துக்குள் அந்தக் குறியை மதிப்பார்கள். அடுத்தவரின் வலையமைப்பில் நுழைந்ததும் அழித்துவிடுவார்கள், அல்லது கண்டுகொள்ள மாட்டார்கள். ஆம்புலன்ஸ் சைரனுக்கு மாவட்ட எல்லை வரைதான் வழிவிடுவோம் என்பது மாதிரி. எல்லா வலையமைப்புகளும் ஒருவருக்கொருவர் பணம் கொடுத்து ஒப்புக்கொண்டால்தான் முழு வழிக்கும் உத்தரவாதம். ஈஎஸ்நெட் போன்ற ஆராய்ச்சி வலையமைப்புகள் இரு புள்ளிகளுக்கு நடுவே அலைவரிசையை முன்பதிவு செய்யும் வசதி வைத்திருக்கின்றன. பெரிய இயற்பியல் சோதனைகளுக்கு அது சரி. எங்கோ ஓர் ஆய்வகத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது கிடைக்கப்போவதில்லை.

ஆனால் முன்னுரிமை என்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒத்த மரபணு, புரோட்டீன் வரிசைகளைத் தேடித் தரும் என்.சி.பி.ஐ.யின் பிளாஸ்ட் சர்வரில் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 100 தேடலுக்கு மேல் அனுப்புபவரை மெதுவான வரிசைக்குத் தள்ளிவிடுவார்கள். திரையில் உட்கார்ந்து ஒன்றிரண்டு தேடுபவருக்கு முன்னுரிமை. இது எனக்கு மிக நியாயமாகப் படுகிறது. மாணவி ஒருத்தி ஒரு புரோட்டீனைத் தேடுவதும் ஒரு நிறுவனம் ஐம்பதாயிரம் வரிசைகளைக் கொட்டுவதும் ஒரே வரிசையில் நிற்கக்கூடாது. பொதுச் சேவையில் தரம் என்றால் எனக்கு இதுதான்: பெரியவர் சிறியவரை நசுக்காமல் பார்த்துக்கொள்வது.

2025 ஜூன் 22

ஒரு சின்னச் சேர்க்கை. முழுக் கோப்பு உங்களுக்கு உண்மையிலேயே தேவையா? பேம் கோப்பின் (இடம் பார்த்து அடுக்கிய வரிசைத் துண்டுகள்) பக்கத்தில் குறியீட்டுக் கோப்பு இருந்தால் 17ஆம் குரோமோசோமில் பி.ஆர்.சி.ஏ.1 மரபணு இருக்கும் பகுதியை மட்டும் சாம்டூல்ஸ் என்ற கருவி தூரத்திலிருந்தே வெட்டி எடுக்கும். 80 ஜிபிக்குப் பதில் சில மெகாபைட். மரபணுத் தரவுப் பகிர்வுக்கான உலக அமைப்பான ஜி.ஏ.4.ஜி.எச்.சின் எச்.டி.எஸ்.கெட் நெறிமுறையும் இந்த வேலைக்குத்தான். வேக உத்தரவாதம் கேட்பதற்கு முன் கேட்கும் அளவைக் குறைத்துப் பாருங்கள்.

2025 ஜூன் 28

நேரமில்லை என்று தள்ளிப்போட்டது இதைத்தான். திட்டம் கெடுவது அனுமதியில்.

மனிதரின் மரபணுத் தரவில் கணிசமான பகுதி திறந்த கதவில் இல்லை. அமெரிக்காவின் டிபிகேப், ஐரோப்பாவின் ஈ.ஜி.ஏ. போன்றவை கட்டுப்பாட்டுக் களஞ்சியங்கள். விண்ணப்பிக்க வேண்டும், ஆய்வு நோக்கத்தை எழுத வேண்டும், நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட அதிகாரமுள்ளவர் கையெழுத்திட வேண்டும், அதன்பின் தரவு அணுகல் குழு கூடி முடிவெடுக்க வேண்டும். ஈ.ஜி.ஏ.வில் இன்னொரு திருப்பம்: களஞ்சியம் முடிவெடுப்பதில்லை. தரவைக் கொடுத்த ஆய்வுக்குழு அமைத்த அணுகல் குழுதான் எடுக்கும். களஞ்சியத்தின் சர்வர் 100% நேரமும் ஓடினாலும், அந்தக் குழு பதில் போடாவிட்டால் உங்களுக்கு அது பூஜ்யம்.

நாங்கள் ஒரு புற்றுநோய்த் தொகுப்புக்கு விண்ணப்பித்தோம். பட்டியலில் இருந்த மின்னஞ்சல் திரும்பி வந்தது, தலைவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டார். அடுத்த முகவரிக்காரர் “நான் இப்போது அந்தக் குழுவில் இல்லை” என்றார். மூன்றாமவர் ஒரு படிவம் அனுப்பினார். அதை எங்கள் சட்டப் பிரிவு திருத்தியது, அவர்கள் சட்டப் பிரிவு திரும்பத் திருத்தியது. ஒரு வரிக்காக இரண்டு வக்கீல்கள் மாதக்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒருவழியாக அனுமதி வந்தபோது அந்த வேலைக்கு எடுத்த ஆராய்ச்சியாளரின் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்தது. இறக்குவதற்கு எடுத்தது ஒரு வார இறுதி.

99.9% இல்லையென்றால் எதற்கு உத்தரவாதம் கேட்பது என்பதற்கு என் பதில் இதுதான். வந்த விண்ணப்பங்களில் எத்தனைக்கு முடிவு சொன்னீர்கள், எத்தனை நாளில் சொன்னீர்கள் என்று ஒவ்வொரு அணுகல் குழுவும் வெளியிடட்டும். சர்வர் ஓடும் சதவீதத்தைவிட எனக்கு அந்த எண் வேண்டும்.

இதைச் சுருக்க வழி இல்லாமலில்லை. தரவைத் தந்த நோயாளி எதற்கெல்லாம் சம்மதித்தார் என்பதைக் கணினி படிக்கும் குறியீடாகவே எழுதிவைக்கும் டி.யூ.ஓ. என்ற முறை இருக்கிறது. பொது ஆராய்ச்சிக்கு ஒரு குறியீடு, மருத்துவ ஆராய்ச்சிக்கு மட்டும் என்றால் வேறொன்று, குறிப்பிட்ட நோய்க்கு மட்டும் என்றால் இன்னொன்று. விண்ணப்பத்தின் நோக்கத்தையும் அதே குறியீட்டில் எழுதினால் பொருந்துகிறதா என்று இயந்திரமே முதல் சல்லடை போடும். சிக்கலான விண்ணப்பங்களுக்கு மட்டும் மனிதர்கள் கூடினால் போதும். ஆனால் இரண்டு வக்கீல்களின் அந்த ஒரு வரியை எந்தக் குறியீடும் தீர்க்காது.

2025 ஜூலை 2

“ஆசிரியரிடம் நேரடியாகக் கேட்டுவிடலாமே, கட்டுரையிலேயே ‘கேட்டால் தரப்படும்’ என்று போட்டிருக்கிறதே!”

கேட்டுப் பாருங்கள். 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தரத் தயார் என்று எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் கேட்டிருக்கிறார்கள். தரவு அனுப்பியவர்கள் 122 பேர், 6.8%. மற்றவர்கள் பதில் போடவில்லை அல்லது மறுத்துவிட்டார்கள்.

எந்தக் களஞ்சியத்தைத் திட்டினாலும் இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொண்டு திட்டுங்கள்.

2025 ஜூலை 6

ஒருவர் கேட்டார்: “இன்று கிடைக்கிறது, சரி. ஐந்து ஆண்டு கழித்து?”

நல்ல கேள்வி, பதில் இனிப்பாக இருக்காது. 1996இல் புரோட்டீன் தரவுத்தளமான ஸ்விஸ்-புராட் பணமில்லாமல் மூடும் நிலைக்கு வந்தது. உலகெங்கிலுமிருந்து விஞ்ஞானிகள் குரல் கொடுத்தார்கள், அதிலிருந்துதான் 1998இல் சுவிட்சர்லாந்தின் உயிர்த்தகவலியல் நிறுவனம் உருவானது. 2011 பிப்ரவரியில் என்.சி.பி.ஐ. பட்ஜெட் நெருக்கடியைக் காட்டி எஸ்.ஆர்.ஏ.வையே படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஆமாம், நீங்கள் மெதுவாக இருக்கிறது என்று திட்டும் அதே எஸ்.ஆர்.ஏ. அந்த ஆண்டு முடிவதற்குள் பணம் கிடைத்துத் தொடர்ந்தது. அதே 2011இல் ஜப்பானின் கெக் தரவுத்தளம் மொத்தமாக இறக்கும் எஃப்.டி.பி. வழியைச் சந்தாவுக்கு மாற்றியது. அரபிடாப்சிஸ் தாவரத்துக்கான டேர் தளம் அரசு நிதி நின்றதும் 2013இல் சந்தாவுக்குப் போனது.

இவற்றில் எதுவும் தொழில்நுட்பக் கோளாறு இல்லை. மூன்றாண்டு, ஐந்தாண்டு மானியத்தில் ஓடும் ஒன்றிடம் பத்தாண்டு வாக்குறுதி கேட்கிறோம்.

உறுதி கொஞ்சம் கூடுதலாக இருக்கும் இடம் பிரதிகள் உள்ள இடம். வரிசைத் தரவைப் பொறுத்தவரை அமெரிக்காவின் என்.சி.பி.ஐ., ஐரோப்பாவின் ஈ.என்.ஏ., ஜப்பானின் டி.டி.பி.ஜே. மூன்றும் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன. ஒன்று விழுந்தால் இன்னொன்று. நடைமுறையிலும் உதவும்: எஸ்.ஆர்.ஏ. நகராத நாளில் அதே எண்ணை ஈ.என்.ஏ.வில் போட்டுப் பாருங்கள், ஆய்வுக் கருவிகள் நேரடியாகப் படிக்கும் ஃபாஸ்ட்க்யூ கோப்பாகவே தயாராக இருக்கும். மாற்றும் வேலையும் மிச்சம்.

2025 ஜூலை 7

“ஃபேர் கோட்பாடுகள் இதையெல்லாம் சொல்லவில்லையா?” இல்லை. ஆராய்ச்சித் தரவைப் பகிர்வதற்கான அந்தக் கோட்பாடுகளை 2016இல் எழுதியவர்கள் கண்டறிதல், அணுகல், இணைந்தியங்குதல், மறுபயன்பாடு பற்றி எழுதினார்கள். அணுகலில் வேகத்துக்கும் காலத்துக்கும் ஒரு வார்த்தை இல்லை. தரவே போய்விட்டாலும் அதைப் பற்றிய விவரக்குறிப்பு இருக்க வேண்டும் என்று மட்டும் ஒரு விதி உண்டு. கல்லறைக் கல்லுக்கு உத்தரவாதம், ஆளுக்கு இல்லை.

2025 ஜூலை 13

“எல்லாவற்றையும் கிளவுடில் போட்டால் தீர்ந்தது” கட்சிக்கு.

பாதி தீர்ந்தது. எஸ்.ஆர்.ஏ. இப்போது அமேசான், கூகுள் கிளவுடுகளிலும் இருக்கிறது, தரவு இருக்கும் மண்டலத்திலேயே கணினியை வாடகைக்கு எடுத்தால் வேகப் பிரச்சினை காணாமல் போகும். வெளியே எடுத்து வரும்போதுதான் மீட்டர் ஓடும். சாதாரணக் கட்டணத்தில் ஒரு ஜிபிக்கு 9 அமெரிக்க சென்ட் அளவில், டெராபைட்டுக்கு ஏறத்தாழ 90 டாலர். சில பொதுத் தொகுப்புகளுக்கு இந்தச் செலவை நிறுவனமே ஏற்கிறது. எந்தத் தொகுப்பு அதில் சேர்த்தி என்று முன்பே பார்த்துவிடுங்கள், பில் வந்த பிறகு பார்ப்பதில் பயனில்லை.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. சேமிப்புச் செலவைக் குறைக்க எஸ்.ஆர்.ஏ. லைட் என்ற வடிவம் வந்திருக்கிறது. அதில் மரபணு வரிசையின் ஒவ்வொரு எழுத்தையும் எவ்வளவு நம்பலாம் என்று கருவி தந்த தரமதிப்பு இருக்காது. தேறியவற்றுக்கெல்லாம் 30, தேறாதவற்றுக்கு 3. கோப்பு சிறிது, வேகம் அதிகம். எத்தனை வாசிப்புகள் (கருவி படித்த வரிசைத் துண்டுகள்) எங்கே பொருந்துகின்றன என்று எண்ணுபவருக்கு இது போதும். தரமதிப்பை வைத்து மாறுபாடுகளைச் சலிப்பவருக்கு இது வேறு தரவு. மூலக் கோப்புகள் பல குளிர்சேமிப்பில் இருக்கின்றன, கேட்டால் எடுத்துத் தருவார்கள், கேட்ட நொடியில் வராது. வேகமா, முழுமையா என்று உங்களைக் கேட்காமலே உங்கள் கருவியின் அமைப்பு முடிவெடுத்திருக்கலாம். போய்ப் பாருங்கள்.

முதல் நாள் “பணத்தோடு போனாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை” என்று எழுதியிருந்தேன். பொதுக் களஞ்சியங்களுக்கு அது இன்றும் சரி. ஐந்து லட்சம் பேரின் தரவை வைத்திருக்கும் யூ.கே. பயோபேங்க் அந்தக் கணக்கில் வராது. 2021இல் தன் ஆய்வுத் தளத்தைத் திறந்தது, இப்போது தரவை அங்கேயே வைத்து ஆராய்வதுதான் பொது விதி. கணினி நேரத்துக்கு நீங்கள் பணம் கட்டுகிறீர்கள், கட்டிய அளவுக்கு வேகம். உத்தரவாதம் விலைக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். கூடவே சிறியவரை நசுக்காத வரிசையும் போய்விட்டது, பிளாஸ்டைப் பற்றி நான் மெச்சியதற்கு நேர் எதிர். தனியுரிமைக்கு இது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பணமில்லாத ஆய்வகத்துக்கு என்ன வழி என்பதில் நான் இன்னும் எந்தப் பக்கமும் சாயவில்லை.

2025 ஜூலை 20

ஒருவர் “அனுமதி ஒருமுறை வந்துவிட்டால் கவலையில்லை” என்றார். இருக்கிறது.

டிபிகேப் அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 2025 ஜனவரி 25 முதல் புதிதாக அனுமதி பெறுபவர்களும் புதுப்பிப்பவர்களும் தங்கள் கணினிகள் அமெரிக்க அரசின் நிஸ்ட் 800-171 பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றுவதாக உறுதி தர வேண்டும். கவனித்தீர்களா, உத்தரவாதம் கேட்டு வந்தோம், அவர்கள் நம்மிடம் வாங்கிக்கொண்டார்கள். ஏப்ரல் 4 முதல் சீனா (ஹாங்காங், மக்காவ் உட்பட), ரஷ்யா, ஈரான், வட கொரியா, கியூபா, வெனிசுலா ஆகியவற்றில் உள்ள நிறுவனங்களுக்கு அமெரிக்கத் தேசிய சுகாதார அமைப்பான என்.ஐ.எச்.சின் கட்டுப்பாட்டுக் களஞ்சியங்கள் மூடப்பட்டன. ஓடிக்கொண்டிருந்த ஆய்வுகளும் அதில் அடக்கம். இதற்கு எந்தச் சதவீத ஒப்பந்தமும் குடை பிடிக்காது.

சரியான காரணத்துக்காகவும் தரவு போகும். பங்கேற்பாளர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். யூ.கே. பயோபேங்க் விலகியவர்களின் பட்டியலை அனுப்பும், நீங்கள் அவர்களை ஆய்விலிருந்து நீக்க வேண்டும். “அதே தரவு, என்றென்றும்” என்ற உத்தரவாதத்தை யாரும் தரக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

2025 ஆகஸ்ட் 3

கேட்டவர் தனிச்செய்தியில் சொன்னார்: கீ எடுத்து, 200 ஆகச் சேர்த்து அனுப்பியதும் 429 நின்றுவிட்டதாம். இப்போது மானிய விண்ணப்பத்தில் தரவு அணுகல் பற்றி என்ன எழுதுவது என்று கேட்கிறார்.

நான் எழுதுவது இப்படி. அனுமதிக்கு ஒதுக்கும் காலத்தை இறக்கும் காலத்திலிருந்து பிரித்துத் தனி வரியாகப் போடுவேன். ஆள் எடுக்கும் தேதியை அனுமதி வந்த பிறகுதான் வைப்பேன், விண்ணப்பித்த தேதியிலிருந்து அல்ல. அனுமதி தாமதமானால் திறந்த தரவில் எந்தப் பகுதியைத் தொடங்கலாம் என்று ஒரு மாற்றுப் பாதை எழுதுவேன். கட்டுப்பாட்டுத் தரவுக்கான பாதுகாப்புச் செலவைப் பட்ஜெட்டில் மறைக்காமல் காட்டுவேன். மதிப்பீட்டாளர்கள் இதைப் பார்த்து முகம் சுளித்ததில்லை, அவர்களும் எங்கோ காத்துக்கொண்டிருப்பவர்கள்தானே.

அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தரவுக் களஞ்சியமான ஜி.டி.சி.யில் வேலை இருந்தால் இன்னொன்று: இறக்குவதற்கான டோக்கன் 30 நாளில் காலாவதியாகும். நீண்ட விடுமுறைக்கு முன் புதிதாக எடுத்து வையுங்கள்.